டூயல் லாங்குவேஜ் பள்ளியில் படித்தும் மகளின் ஸ்பானிஷ் இலக்கணம் இடறுகிறதே, ஏன்?

#1 குமரன்_டெக்சாஸ்

வணக்கம் மக்களே. நான் இருப்பது சான் அன்டோனியோ. மனைவிக்குச் சொந்த ஊர் மெக்ஸிகோவின் மான்டெர்ரே. மகளிடம் அவள் ஸ்பானிஷ் மட்டும்தான் பேசுவாள். என் பங்கு தமிழும் இங்கிலீஷும் கலந்த கதம்பம், அதை விடுங்கள். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. கிண்டர்கார்டனிலிருந்தே அரசுப் பள்ளியின் டூயல் லாங்குவேஜ் பிரிவில் இருக்கிறாள். பாதிப் பாடம் ஸ்பானிஷில், பாதி இங்கிலீஷில்.

பேச்சு சரளமாக வருகிறது, குறையே இல்லை. ஆனால் சில இடங்களில் மட்டும் விடாமல் ஒரே இடறல். "நீ வரணும்" என்பதற்கு "கியெரோ கே வெங்காஸ்" என்று சப்ஜங்க்டிவ் வடிவத்தை (ஆசை, ஐயம், இன்னும் நடக்காதது இவற்றைச் சொல்லும் வினை வடிவம்) அழகாகச் சொல்கிறாள். அதே பெண் "அப்பா வந்ததும் சொல்லப் போறேன்" என்று சொல்லும்போது "குவாண்டோ யேகே மி பாபா" என்பதற்குப் பதில் "குவாண்டோ யேகா" என்கிறாள். ஸ்பானிஷில் கை பெண்பால், "லா மானோ"தான் சரி; அவளோ சில நாள் "லா மானோ", சில நாள் ஆண்பாலாக "எல் மானோ". பாட்டியைப் பார்த்தேன் என்பதற்கு "வி அ மி அபுவெலா" என்று வரவேண்டும், நடுவில் இருக்கும் அந்த "அ"வை விழுங்கி விடுகிறாள்.

மாமியார் போனில், "பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?" என்று கேட்கிறார். எனக்கும் அதே கேள்விதான். இந்த இமர்ஷன் பள்ளி, அதாவது பாடத்தையே அந்த மொழியில் நடத்தும் பள்ளி, இலக்கணத்துக்கு ஏதாவது செய்கிறதா, இல்லையா?

#2 வாசு_ஜெர்சி

குமரன் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் அம்மா பேசினாலே ஸ்பானிஷ் வந்துவிடும். பள்ளி நேரத்தில் பாதியை அதற்கே கொடுத்தால் நாளைக்கு இங்கிலீஷ் வாசிப்பில் அடிபடும். எங்கள் அலுவலகத்தில் ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் நிறையப் பேர். எல்லோரும் இங்கிலீஷ் வழியில் படித்தவர்கள்தான், அம்மாவிடம் ஸ்பானிஷில்தான் பேசுகிறார்கள்.

#3 தென்றல்_இல்லினாய்

குமரன் அண்ணா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் மொழியியல் ஆய்வு மாணவி. என் துறையே கிட்டத்தட்ட இதுதான், அதனால் பதில் நீளும்.

உங்கள் மகள் "வெங்காஸ்" சரியாகச் சொல்லி "யேகே"வில் இடறுவது குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. ஸ்பானிஷ் மட்டுமே பேசும் ஊரில் வளரும் குழந்தைகளுக்கும் சப்ஜங்க்டிவ் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. "எனக்கு வேணும்", "நீ செய்யணும்" என்ற விருப்பத் தொடர்களில்தான் அது முதலில் நிலைக்கும், பள்ளி வயதுக்கு முன்பே. இன்னும் நடக்காத ஒன்றைக் குறிக்கும் "குவாண்டோ" தொடர்கள் அதற்குப் பிறகு. "அவன் வருவான்னு நான் நினைக்கல" என்பது போல ஐயத்தைச் சொல்லும் தொடர்கள் இன்னும் தாமதம். மெக்ஸிகோவில் வளரும் பிள்ளைகளே தொடக்கப் பள்ளிக் காலம் முழுக்க இதில் தடுமாறுகிறார்கள் என்று 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அமெரிக்கக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் பள்ளி, அதாவது ஐந்து வயதில் இங்கிலீஷ் வெள்ளம். அதற்கு முன்பே ஊன்றிவிட்டது தப்பிக்கும். அதற்குப் பிறகு ஊன்ற வேண்டியது பாதியில் நிற்கும். உங்கள் மகளின் "வெங்காஸ்" ஒரு கரை, "யேகா" மறு கரை. லாஸ் ஏஞ்சலஸில் கார்மென் சில்வா கோர்வலான் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து 1994இல் வெளியிட்டதும் இந்தச் சாயலில்தான் இருந்தது. எல்லா வடிவமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. கட்டாயமாக வரவேண்டிய இடத்தில் சப்ஜங்க்டிவ் நீடிக்கிறது, பேசுபவர் விருப்பத்துக்கு விடப்பட்ட இடங்களில் முதலில் கரைகிறது.

வாசு சார், உங்கள் அலுவலக நண்பர்கள் அம்மாவிடம் பேசுவது உண்மைதான். எந்த வடிவங்களை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள் என்பதில்தான் இந்தத் துறையே பிழைக்கிறது :)

#4 குமரன்_டெக்சாஸ்

தென்றல், அருமை. சரி, அப்படியானால் பள்ளி? "குவாண்டோ யேகே" எல்லாம் அங்கே தினம் கேட்டுக்கொண்டுதானே இருப்பாள்?

#5 ரேவதி_டீச்சர்

இதற்கு நான் வரலாம். ஹூஸ்டன் பக்கம் ஒரு பள்ளியில் டூயல் லாங்குவேஜ் பிரிவில் இங்கிலீஷ் பக்கத்து டீச்சர் நான். பக்கத்து அறையில் ஸ்பானிஷ் டீச்சர். மதியம் பிள்ளைகளை மாற்றிக்கொள்வோம்.

கேட்பதில் குறைவே இல்லை குமரன். அவர் வகுப்பில் சொல்வதில் பாதி கட்டளைதான். "சாகென் லோஸ் லிப்ரோஸ்", "சியென்டென்சே", "குவாண்டோ தெர்மினென், லெவான்டென் லா மானோ". புத்தகத்தை எடுங்க, உட்காருங்க, முடிச்சதும் கையைத் தூக்குங்க. லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷில் பலரைப் பார்த்து இடும் கட்டளையும் சப்ஜங்க்டிவும் வடிவத்தில் ஒன்றே. ஆக, காலை எட்டு மணியிலிருந்து அந்த வடிவங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. கடைசி உதாரணத்தில் உங்கள் மகள் இடறும் அதே "குவாண்டோ" தொடரும் இருக்கிறது, பாருங்கள்.

சிக்கல் எங்கே என்றால், எந்தப் பிள்ளையும் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியமே வருவதில்லை. முப்பது பேரைப் பார்த்துக் கட்டளையிடும் வேலை டீச்சருடையது. பிள்ளையின் வேலை கையைத் தூக்குவது. கேள்வி கேட்டால் இரண்டு சொல்லில் பதில். டீச்சரிடம் ஸ்பானிஷ், பக்கத்தில் இருப்பவனிடம் பென்சில் கேட்கும்போது இங்கிலீஷ். கம்பளத்தில் உட்கார்ந்து ஸ்பானிஷில் கதை கேட்கும்போதே காதோடு காதாக இங்கிலீஷில் கிசுகிசு. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும்தான்.

#6 தென்றல்_இல்லினாய்

ரேவதி அக்கா சொன்னதற்கு அச்சில் சான்றே உண்டு. சிகாகோவில் 1975இல் தொடங்கிய இன்டர் அமெரிக்கன் மேக்னெட் பள்ளி இந்தப் பகுதியின் பழைய இருமொழிப் பள்ளிகளில் ஒன்று. கிம் பொடோவ்ஸ்கி அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எப்போது எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியரிடம் பெரும்பாலும் ஸ்பானிஷ், தங்களுக்குள் பெரும்பாலும் இங்கிலீஷ். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை.

கனடாவில் இதே கதை முன்பே நடந்தது. மான்ட்ரியாலை அடுத்த செயின்ட் லாம்பெர்ட்டில் 1965இல் இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு இமர்ஷன் தொடங்கினார்கள். பிள்ளைகள் பிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளை நெருங்கினார்கள், பேச்சு இலக்கணத்தில் நெருங்கவில்லை. கேட்டால் மட்டும் போதாது, நீட்டிப் பேசியே ஆகவேண்டிய நெருக்கடியும் வேண்டும் என்று மெரில் ஸ்வெய்ன் 1985இல் வாதிட்டது இந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான்.

ஆனால் ஒன்று. அந்தக் கனடாப் பிள்ளைகளுக்கு வீட்டில் பிரெஞ்சு கிடையாது. குமரன் அண்ணா மகளுக்கு வீட்டில் அம்மா இருக்கிறார். இந்த இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும் பள்ளி அவர்களுக்குச் செய்வது ஒன்றல்ல. ஒருவருக்குப் புதிதாகக் கட்டித் தருகிறது. மற்றவருக்கு இருப்பது சரியாமல் முட்டுக் கொடுக்கிறது.

பால் விகுதியில் இது தெளிவாகத் தெரியும். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்கா வந்த அக்கா தங்கை இருவரின் பேச்சை ராகேல் ஆண்டர்சன் தொடர்ந்து பதிவு செய்து 1999இல் எழுதினார். இங்கிலீஷ் பெருகப் பெருக, ஆண்பால் பெண்பால் பொருத்தத்தில் பிழை ஏறிக்கொண்டே போனது, அக்காவைவிடத் தங்கைக்குப் பல மடங்கு. சில்வினா மொன்ட்ருலும் பொடோவ்ஸ்கியும் 2007இல் இருமொழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்தபோதும் பிழைகள் இருந்தன. ஆனால் மேல் வகுப்புப் பிள்ளைகள் கீழ் வகுப்பைவிட மோசமாக இல்லை. தேய்மானம் நின்றிருந்தது. இமர்ஷன் பள்ளிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் இந்த ஒன்றுக்குத்தான். மாமியார் எதிர்பார்க்கிற மான்டெர்ரே ஸ்பானிஷை அது உண்டாக்காது.

#7 மாட்ரிட்_மணி

ஸ்பெயினில் ரொம்ப வருடமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பிழை விட்டால் அப்போதே நிறுத்தித் திருத்த வேண்டும். அமெரிக்காவில் பேசுவது ஸ்பானிஷே இல்லை, ஸ்பாங்கிலீஷ். இங்கே என் பையன் மூன்றாம் வகுப்பில் வினைத் திரிபு அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கிறான்.

#8 ஷாலினி_ஸ்பீச்

மணி அண்ணே, உங்கள் பையன் அட்டவணையை ஒப்பிக்கும் முன்பே தெருவிலும் கடையிலும் அந்த வடிவங்களைப் பேசிப் பழகியிருப்பான். அட்டவணை பெயர் மட்டும்தான் வைத்தது.

நான் டல்லாஸில் ஸ்பீச் தெரபிஸ்ட். குமரன், மகளைப் பாதியில் நிறுத்தித் திருத்தவே செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படித் திருத்திக்கொண்டே இருந்தால் ஏழெட்டு வயதுப் பிள்ளை எடுக்கும் முடிவு எளிது: இங்கிலீஷுக்கு மாறிவிடும். அங்கே யாரும் திருத்துவதில்லையே. அதைவிட, அவள் "குவாண்டோ யேகா மி பாபா" என்றால் அம்மா "சரி, குவாண்டோ யேகே பாபா என்ன சொல்லப் போற?" என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள்ளேயே வைத்துப் பேச்சைத் தொடரலாம். பேச்சும் நீளும், வடிவமும் காதில் விழும்.

இந்த இழையைப் படிக்கும் பெற்றோருக்கு இன்னொன்று. ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளின் மொழி வளர்ச்சிக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க நாங்கள் கவனிக்கும் இடங்களில் பல, "எல்", "லா" என்ற முன்னொட்டுச் சொற்கள், "லோ", "லா" என்று செயப்படுபொருளுக்கு நிற்கும் குட்டிச் சொற்கள், பால் பொருத்தம், சப்ஜங்க்டிவ். இங்கிலீஷ் பெருகும்போது நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் தேய்வது இதே இடங்கள்தான். அதனால் ஒரு மொழியை மட்டும் சோதித்துவிட்டு யாராவது முடிவு சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு மொழியிலும் சோதிக்கச் சொல்லுங்கள். உண்மையான குறைபாடு என்றால் இரண்டிலும் தெரியும்.

#9 குமரன்_டெக்சாஸ்

ஷாலினி மேடம், நன்றி. அப்படிச் சந்தேகம் ஏதும் இல்லை, இங்கிலீஷில் வாய் மூடுவதே இல்லை.

தென்றல், அந்த விழுங்கின "அ" பற்றிச் சொல்லவே இல்லையே?

#10 தென்றல்_இல்லினாய்

மறக்கவில்லை அண்ணா, எனக்குப் பிடித்த இடம் அது. தமிழருக்கு விளக்கவும் எளிது.

நாம் "புத்தகம் படிச்சேன்" என்போம், "ஐ" இல்லாமலே ஓடும். "பையன் பார்த்தேன்" என்று யாரும் சொல்ல மாட்டோம், "பையனைப் பார்த்தேன்"தான். உயர்திணை என்றால் "ஐ" விட முடியாது. ஸ்பானிஷின் "அ" வேலையும் ஏறக்குறைய இதுதான். வீட்டைப் பார்த்தால் "வி லா காசா", குறிப்பிட்ட ஒரு மனிதரைப் பார்த்தால் "வி அ மரியா".

நம் "ஐ" சொல்லின் முடிவில் கணீரென்று கேட்கும். ஸ்பானிஷின் "அ" பாவம். "யாமா அ அனா" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அழைக்கிறாள் என்ற வினை அ ஒலியில் முடிகிறது, பெயர் அ ஒலியில் தொடங்குகிறது, நடுவில் உருபும் அ. மூன்றும் ஒன்றாகக் கரைந்து "யாமானா" என்றுதான் காதில் விழும். பள்ளிக்குப் போகாத காதுக்கு அங்கே ஒரு சொல் இருப்பதே தெரியாது. எழுத்தில் பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான் பள்ளி என்றால் நான் வாசிப்பு என்று பொருள் கொள்கிறேன். இமர்ஷன் வகுப்பில் இலக்கணப் பாடம் நடப்பதைவிட, ஸ்பானிஷில் எழுதப் படிக்கக் கற்பது பெரிய விஷயம். வீட்டுப் பேச்சில் அரிதாக வரும் "நான் மட்டும் அங்கே இருந்திருந்தால்" மாதிரி வடிவங்கள் கதைப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. மொன்ட்ருலும் நோயெலியா சான்செஸ் வாக்கரும் 2013இல் இந்த "அ"வைச் சோதித்தபோது அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளும் பெரியவர்களும் விட்டார்கள், அது எதிர்பார்த்தது. மெக்ஸிகோவில் பிறந்து வளர்ந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களும் சில இடங்களில் விட்டார்கள். அப்படியென்றால் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் ஸ்பானிஷே கொஞ்சம் மாறிய ஸ்பானிஷ். அதைச் சரியாகத்தான் கற்றிருக்கிறாள். இதை "அரைகுறைக் கற்றல்" என்று சொல்வது நியாயமா என்று தான்யா குபிஷ், ஜேசன் ராத்மன் போன்றவர்கள் கேட்கிறார்கள். பள்ளியில் ஸ்பானிஷே படிக்காத பிள்ளையை, பன்னிரண்டு வருடம் ஸ்பானிஷில் படித்த மெக்ஸிகோ பிள்ளையோடு நிறுத்திக் குறை சொல்வது எப்படிப் பொருந்தும் என்பது அவர்கள் வாதம். நான் அவர்கள் கட்சி.

#11 குமரன்_டெக்சாஸ்

மனைவியிடம் இதை வாசித்துக் காட்டினேன். "நான் ஒன்றும் விடவில்லை" என்று கோபம். சாயங்காலம் அவள் தங்கையோடு போனில் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வீட்டுச் சமாதானம் கருதி முடிவை இங்கே எழுதவில்லை.

#12 வாசு_ஜெர்சி

எல்லாம் சரி, என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இங்கிலீஷ்?

#13 ரேவதி_டீச்சர்

நியாயமான கேள்விதான் வாசு சார், எல்லாப் பெற்றோரும் கேட்பது. ஒரேகானின் போர்ட்லாந்தில் இமர்ஷன் இடங்களைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். அதனால் இடம் கிடைத்த பிள்ளையையும் கிடைக்காத பிள்ளையையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட முடிவு: ஐந்தாம் வகுப்பில் இமர்ஷன் பிள்ளைகள் இங்கிலீஷ் வாசிப்பில் ஏறக்குறைய ஏழு மாதப் படிப்பு முன்னே, எட்டாம் வகுப்பில் ஒன்பது மாதம். கணக்கிலும் அறிவியலிலும் பின்தங்கவில்லை.

இந்தப் பயம் சட்டமாகவே ஆன மாநிலம் கலிபோர்னியா. 1998இல் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 227ஆம் முன்மொழிவு 61 விழுக்காடு வாக்கோடு வென்று இருமொழி வகுப்புகளை ஏறக்குறைய மூடிவிட்டது. அதைத் திருப்பிப் போட 2016வரை ஆனது, 58ஆம் முன்மொழிவில். இடைப்பட்ட பதினெட்டு வருடத்தில் பள்ளிக்குப் போன ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர், யோசியுங்கள். அவர்களில் சிலர் இப்போது என்னோடு வேலை பார்க்கிறார்கள். ஸ்பானிஷில் பேசுவார்கள், பெற்றோருக்கு ஒரு அறிவிப்பு எழுதச் சொன்னால் பேனாவை என்னிடம் நீட்டுவார்கள். நான் தமிழ்ப் பெண், எனக்கு என்ன தெரியும்!

#14 மாட்ரிட்_மணி

மயாமியில் நிலைமை வேறு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே ஸ்பானிஷ் நன்றாக நிற்கிறதாமே?

#15 தென்றல்_இல்லினாய்

மயாமி கதை சுவையானது. கியூபப் புரட்சிக்குப் பின் வந்தவர்கள் சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்று நம்பினார்கள். பிள்ளைகள் ஸ்பானிஷை விட்டுவிடக் கூடாது. அந்தச் சூழலில் 1963இல் கோரல் வே தொடக்கப்பள்ளியில் பாதி நாள் ஸ்பானிஷ், பாதி நாள் இங்கிலீஷ் என்று ஆரம்பித்தார்கள். இன்றைய டூயல் லாங்குவேஜ் பள்ளிகளுக்கு அதுதான் முன்னோடி. ஆனால் பள்ளியால்தான் அங்கே மொழி நின்றது என்று சொல்ல மாட்டேன். கடை, வங்கி, வானொலி எல்லாம் ஸ்பானிஷில் நடக்கும் ஊர் அது. அப்படியிருந்தும் அங்கே வளர்ந்த இளையவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

#16 நடுவர்

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளோடு ஒப்பிட்டு வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். வாரம் இரண்டு மணி நேரத்தையும் தினம் மூன்று மணி நேரத்தையும் இங்கே வைத்துச் சண்டை வேண்டாம். ஸ்பானிஷிலேயே தொடருங்கள்.

#17 குமரன்_டெக்சாஸ்

கடைசியாக ஒன்று. எங்கள் மாவட்டத்தில் இந்தப் பிரிவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. அதற்கப்புறம் நடுநிலைப் பள்ளியில் ஸ்பானிஷ் ஒரு விருப்பப் பாடம் மட்டும். 90க்கு 10 என்று ஸ்பானிஷ் கூடுதலாக இருக்கும் பள்ளி ஒன்று கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. மாற்றலாமா?

#18 ஷாலினி_ஸ்பீச்

இப்போதே இரண்டாம் வகுப்பு என்றால் 90க்கு 10 பள்ளியின் பெரிய பலன் ஓரளவு கடந்துவிட்டது. கிண்டர்கார்டனில்தான் அது 90, பிறகு வருடா வருடம் இங்கிலீஷ் ஏறி நான்காம் ஐந்தாம் வகுப்பில் சரிபாதிக்கு வந்துவிடும். நண்பர்களை விட்டுப் பிரித்து மாற்றுவதற்கு அந்த வித்தியாசம் போதுமா என்று பாருங்கள். நானாக இருந்தால் மாற்ற மாட்டேன். கோடை விடுமுறையில் மான்டெர்ரே அனுப்புவேன், அங்கே ஒத்த வயதுப் பிள்ளைகளோடு விளையாட.

#19 தென்றல்_இல்லினாய்

ஷாலினி சொல்வதே என் கருத்தும். ஒத்த வயதுப் பிள்ளை என்பதுதான் முக்கியம். வகுப்பில் கிடைக்காத ஸ்பானிஷ் அது: சண்டை போட, கெஞ்ச, ஏமாற்ற, "நீ குடுக்கணும், அப்பதான் நானும் குடுப்பேன்" என்று பேரம் பேச. சப்ஜங்க்டிவ் வசிக்கும் இடமே இதெல்லாம்தான்.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்துவது கொடுமை. எழுத்து வழியாக வரவேண்டிய வடிவங்கள் வேர்விடும் வயதில் தண்ணீரை நிறுத்துகிறார்கள்.

#20 ரேவதி_டீச்சர்

நிறுத்துகிற மாவட்டங்கள் நிறைய. பெரும்பாலும் ஆசிரியர் கிடைப்பதில்லை என்பதே காரணம். குமரன், ஆறாம் வகுப்புக்குப் பதியும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். "ஸ்பானிஷ் 1" என்பது "ஓலா, கோமோ எஸ்தாஸ்" என்று தொடங்கும், மொழியே தெரியாதவர்களுக்கானது. உங்கள் மகளை அதில் உட்கார வைத்தால் அலுத்துப் போவாள். ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு பல மாவட்டங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். வாசிப்பும் கட்டுரையும் அங்கேதான் நடக்கும். அது இல்லையென்றால் மேல் நிலைக்கு நேராகப் போகத் தேர்வு எழுத விடுவார்களா என்று விசாரியுங்கள். உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது இருமொழித் தேர்ச்சிக்கான அங்கீகாரத்தைச் சான்றிதழில் பதிந்து கொடுப்பார்கள். கலிபோர்னியா 2011இல் சட்டமாக்கிய பிறகு மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன, டெக்சாஸிலும் அப்படி ஒன்று உண்டு. அதற்கு என்னென்ன பாடம் எடுக்க வேண்டும் என்பதை எட்டாம் வகுப்புக்குள் கவுன்சிலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

#21 குமரன்_டெக்சாஸ்

குறித்துக்கொண்டேன் ரேவதி. பள்ளியை மாற்றவில்லை. கோடைக்கு மான்டெர்ரே டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன், மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை.